பொன்னுருக்கினாப் பிறகு

இந்த வாங்கில இரு பிள்ளை. அந்தக் கரையில இன்னும் கொஞ்சத்தில வெய்யில் அடிக்கும், இஞ்சாலை தள்ளி இரு. நம்பர் எடுத்திட்டியே? அது காணும். கூப்பிட நேரமிருக்கு. சிங்களத்தில தான் கூப்பிடுவாங்கள், நான் காது குடுத்துக்கொண்டிருக்கிறன், நீ பயப்பிடாதை.

வயித்தில பிள்ளையோ? நினைச்சனான். முதல் பிள்ளை? ம். புருசனைப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டாங்கள், என்ன குற்றமெண்டும் சொல்லேல்லை. அதைச் சொல்லத் தேவையில்லை, இந்த வாங்கில வந்து இருக்கிற எல்லாருக்கும் அதுதான் கதை. வேறை என்னவோ இருக்கு. அழாமல் சொல்லு. மாமியார் போக வேண்டாம் எண்டு சொன்னவவோ? வயித்துப்பிள்ளைக்காரி மறியல் வாசல், சிறை வாசல் மிதிக்கக் கூடாதோ? அதுதான் சொல்லாமல் பஸ் ஏறி வந்திட்டாய், இப்ப வாசலுக்கு வந்தாப் பிறகு கால் வருதில்லை. சரி, அதைப் பிறகு கதைப்பம். முதல்ல இந்தத் தேத்தண்ணியைக் குடி. சீனி கூடத்தான் போட்டனான், குடி.

நான் ஆரெண்டு பாக்கிறாய் என்ன? இராசமலர் எண்டால் இந்த வாசலில எல்லாருக்கும் தெரியும். கேற்றில நிக்கிறானே மீசைக்காரன், அவன் மீசை முளைக்க முதல் தொடக்கம் நான் வாறன். சாப்பாட்டுப் பாசலைப் பிரிச்சுப் புட்டுக்குள்ளை கம்பி விட்டுப் பாப்பான். முந்தி எனக்குப் பத்திக்கொண்டு வரும். இப்ப நானே பிரிச்சுக் காட்டிப்போடுவன், அவனும் பாவம்.

என்ரை ஆள் இப்ப உள்ளுக்கை இல்லைப் பிள்ளை. விட்டிட்டாங்கள். ஆனாலும் நான் வாறது நிக்கேல்லை. வந்து பாக்க ஒருத்தரும் இல்லாத பெடியள் உள்ளுக்கை இருக்கிறாங்கள், அவங்களுக்கும் நாக்கு இருக்குத்தானே. மத்தியானம் சந்தியில எங்கடை ஆக்கள் பெடியளை விடச்சொல்லி எழுதின மட்டையள் பிடிச்சுக்கொண்டு நிப்பினம், அங்கையும் நிக்கவேணும். நான் இல்லாட்டில் சத்தம் எழும்பாதாம். நான் சொல்லேல்லை, அவை சொல்லுறது.

என்ரை மருமகன் தான் உள்ளுக்கை இருந்தவர். மருமகன் எண்டு வாய் பழகிப்போச்சு. இன்னும் மருமகன் ஆகேல்லை. அதுதான் பிள்ளை என்ரை வயித்தெரிச்சல். உன்ரை நம்பர் வருமட்டும் கேள்.

சுகந்தினி என்ரை கடைசி மகள். அவளுக்குப் பேசின பெடியன் குகதாசன். தாய் தேப்பன் இல்லை, மாமன் வீட்டில வளந்தவர், சங்கக்கடையில வேலை. கோயிலில வைச்சுத்தான் பொம்பிளை பாத்தது. இவள் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நிண்டவள், அவர் தூணடியில. ஒருக்காத் தான் நிமிந்து பாத்தவள், எண்ணெய் முழுக்க வெளியில. நான் அந்த இடத்திலையே அவளை ஏசினனான். அவர் சிரிச்சவர். வரிசையான பல்லு அப்ப.

நாளும் வைச்சாச்சு. பொன்னுருக்கும் நடந்திட்டுது. உங்கடை மலைநாட்டுப் பக்கம் இது இருக்கோ தெரியேல்லை. தாலிக்குரிய பொன்னை நல்ல நேரம் பாத்து மாப்பிளை வீட்டில வைச்சு ஆசாரியார் உருக்குவார். அது முடிஞ்சால் மாப்பிளையும் பொம்பிளையும் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது. மணவறையில இருக்குமட்டும் ஒருத்தரை ஒருத்தர் முகம் பாக்கவும் கூடாது. எத்தினை நாள், மூண்டு நாலு நாள் தானே. எல்லாரும் இருக்கிறது தான். நானும் இருந்தனான், என்ரை அம்மாவும் இருந்தவ.

இந்தப் பெடியன் என்ன செய்தது, அடுத்த நாள் காலமை தலைமயிர் வெட்டச் சந்திக்குப் போயிட்டுது. மாமன்காரன் பரியாரியை வீட்டை கூப்பிட்டிருக்கலாம். ஆரும் யோசிக்கேல்லை. சலூன் கதிரையில இருந்த ஆளைச் சிவில் உடுப்பில வந்தவங்கள் கூட்டிக்கொண்டு போயிட்டாங்கள். பாதித் தலை வெட்டினபடி. சின்ன விசாரணை, பின்னேரம் விட்டிடுவம் எண்டு சலூன்காரனுக்குச் சொல்லிப்போட்டுப் போனவங்களாம். அந்தப் பின்னேரம் தான் பிள்ளை வரவே இல்லை.

எங்கடை வீட்டில பலகாரம் சுட்டுக் கடகத்தில கிடக்குது. பந்தல் போட்டுக் கிடக்குது. பந்தலைக் கழட்ட வேண்டாம், ஆள் வந்திடும் எண்டு நான் தான் நிண்டனான். பந்தல்காரன் ஒரு கிழமை பொறுத்தான், பிறகு அவனுக்கு வேறை கலியாணம், வந்து கழட்டிக்கொண்டு போயிட்டான். சனம் என்ன சொன்னது தெரியுமோ? இது சரிவராத சம்பந்தம், விட்டிட்டு வெளிநாட்டு மாப்பிளை பாருங்கோ எண்டது. என்ரை மூத்தவளும் சொன்னவள். நான் மாட்டன் எண்டிட்டன். பொன்னுருக்கினால் பாதிக் கலியாணம் முடிஞ்ச மாதிரி. சுகந்தினியும் மாட்டன் எண்டவள். அந்த விசயத்தில தாயும் மகளும் ஒரே பிடி. நான் வாக்குத் தவறின மனுசி இல்லைப் பிள்ளை, அதை மட்டும் ஆரும் சொல்லேலாது.

பிறகு தடுப்பில இருக்கிறார் எண்டு அறிஞ்சு, பாக்க விடுவினம் எண்டவுடனை, சுகந்தினி விடியவே தலை முழுகிச் சீலையும் உடுத்துக்கொண்டு நிக்கிறாள். நீ எங்கை வெளிக்கிட்டனீ எண்டு கேட்டன். நானும் வாறன் அம்மா எண்டாள். பொன்னுருக்கினாப் பிறகு முகம் பாக்கிறதோ, விசரோ உனக்கு எண்டு கேட்டன். அவர் அந்த ஒரு ஒழுங்கைத் தாண்டி வெளிக்கிட்டதால தானே இவ்வளவும் வந்தது. நாங்களும் தாண்டி இன்னும் என்னத்தை இழுத்து வைக்கிறது? ரெண்டு கிழமையில ஆள் வந்திடும், மணவறையில இருந்து வடிவாப் பார், ஆர் வேண்டாம் எண்டது? அப்பிடித்தான் சொன்னனான். அவள் சீலையைக் கழட்டி மடிச்சு வைச்சாள். நான் பாசலைக் கட்டிக்கொண்டு தனியத் தான் வந்தனான்.

ரெண்டு கிழமை. பிறகு மூண்டு மாசத்துக்குத் தடுப்புக் கட்டளை எண்டாங்கள். அது முடிய இன்னொரு மூண்டு மாசம். பிறகு இந்த மறியலுக்கு மாத்தித் தவணை தவணையாப் போட்டாங்கள். குற்றப்பத்திரிகை வரேல்லை, இன்னும் வரேல்லை, அடுத்த தவணைக்குப் பாப்பம். தண்டனை எண்டாலும் ஒரு கணக்கு இருக்கும், எப்ப முடியும் எண்டு தெரியும். இது என்னெண்டு சொல்லுறது? முடிவு சொல்லாமல் ஒரு மனுசரை அடைச்சு வைச்சிருக்கிறது போல ஒரு பாவம் உலகத்தில இல்லை. நான் இதை மைக்கிலையும் சொல்லியிருக்கிறன்.

எனக்கு மைக் பிடிக்கத் தெரியும் எண்டு ஆர் கண்டது? கோயிலில தேவாரம் பாடக் கூப்பிட்டாலும் ஒளிக்கிற ஆள் நான். முதல் நாள் பஸ் ஸ்ராண்டுக்கு முன்னாலை தாய்மாரெல்லாம் இருந்த இடத்தில நானும் ஒரு கரையில குந்தினன். பேப்பர்காரப் பெடியன் ஒருத்தன் வந்து, அம்மா நீங்கள் என்ன கேக்கிறியள் எண்டான். என்ரை வாயில வந்ததைச் சொன்னன். குற்றம் என்ன எண்டு சொல்லு, இல்லாட்டில் ஆளை விடு. அவ்வளவுதான். அடுத்த நாள் அது பேப்பரில. அடுத்த கிழமை எல்லாரும் அதைத்தான் சொல்லிக் கத்துகினம். கொழும்புக்குப் போய்க் கத்தினம், ரீவியிலையும் வந்தது.

அதை மட்டையில எழுதினது ஆரெண்டு நினைக்கிறாய்? சுகந்தினி தான். அவளுக்கு அச்சுக் கோத்த மாதிரி எழுத்து. விறாந்தையில மட்டைகளைப் பரப்பிவைச்சுப் பச்சை மையால எழுதுவாள். நான் கட்டிக்கொண்டு போவன். அவள் எழுதின மட்டை போகாத இடமில்லை. அவள் சந்தியடிக் கடைக்கும் போறதில்லை. நான் போகாதை எண்டு சொல்லேல்லை. பொன்னுருக்கின பொம்பிளை கண்டபடி திரியக்கூடாது எண்டு தான் சொன்னனான். நல்லதுக்குத் தானே.

கோட்டுக்கு ஆளைக் கொண்டு வாற நாளையில நாங்கள் வாசலில மட்டையளோட நிப்பம். மறியல் பஸ்சுக்குள்ளால பெடியள் எட்டிப் பாப்பாங்கள். ஒருநாள் நான் பாக்க வந்திருக்கேக்கை அவர் கம்பிக்கு அங்காலை நிண்டு, மாமி, அந்தப் பச்சை எழுத்து அவவின்ரையோ எண்டு கேட்டவர். ஓம் தம்பி எண்டன். எனக்குத் தந்த நேரம் முழுக்க அப்பிடியே நிண்டவர்.

நான் அதை வந்து சொன்னனான். அதுதான் நான் செய்த பிழையோ தெரியேல்லை, அடுத்த தவணைக்கு இவள் திரும்பச் சீலையோட நிக்கிறாள். அப்ப அவளுக்கு நரைக்கத் தொடங்கியிட்டுது பிள்ளை, கன்னமயிர் வழிய. சீலையைக் கழட்டு எண்டன். கழட்டேல்லை. படலையில நிண்டுகொண்டு என்னைப் பாத்து, குற்றம் என்ன எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டில் ஆளை விடுங்கோ எண்டாள். சிரிச்சுக்கொண்டு தான் சொன்னவள். என்ரை கதையை எனக்கே. பகிடி விடுற நேரமே அது? நான் பேசின பேச்சில பக்கத்து வீட்டுச் சனம் எட்டிப் பாத்தது. அவள் பிறகு கேக்கேல்லை. அண்டைக்குப் பிறகு ஒருநாளும் கேக்கேல்லை.

ஐயரைக் கேக்கேல்லையோ எண்டு கேக்கிறாய் போல. கேட்டனான். ஆபத்துக்குப் பாவமில்லை, தாராளமாப் போய்ப் பாக்கலாம் எண்டார். புது ஐயர், காலத்துக்கு ஏத்த மாதிரிக் கதைக்கிறவர். அவருக்கு என்ன தெரியும்.

அவர் ஒருக்கா அவளின்ரை படம் ஒண்டு கொண்டு வாங்கோ மாமி எண்டு கேட்டவர். படமெண்டாலும் முகம் தானே. நான் மறந்துபோனன் மறந்துபோனன் எண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்தனான். பாவமாத்தான் இருந்தது. அதால ஒவ்வொரு முறையும் நானே சொல்லுவன், சுகந்தினி அப்பிடியே இருக்கிறாள் தம்பி, ஒரு மாற்றமும் இல்லை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ எண்டு. முகம் மலரும். அதைப் பாக்க எனக்கும் ஒரு ஆறுதல். வீட்டை போய் இவளுக்கும் அப்பிடித்தான் சொல்லுவன். அவர் நல்லா இருக்கிறார், அந்த மாதிரியே இருக்கிறார் எண்டு. முன்பல்லு ரெண்டும் போனதை நான் சொல்லேல்லை. முதுகு வளைஞ்சதைச் சொல்லேல்லை. கேட்டு என்ன செய்யப்போறாள், இருந்து அழுவாள். கடிதம் எழுதினவை தான். அவங்கள் உடைச்சுப் படிச்சுப்போட்டுத் தான் குடுக்கிறது. அந்தக் கடிதத்தில என்னத்தை எழுதேலும்? சுகம், நீங்கள் சுகமோ. அவ்வளவுதான்.

எத்தினை வருசம் எண்டு கேளாதை. நான் எண்ணுறதை விட்டிட்டன். பொன்னுருக்கேக்கை கையில தூக்கி வைச்சிருந்த மூத்தவளின்ரை மகள் அபிநயா இப்ப கம்பசுக்குப் போறாள், அதிலை கணக்குப் பார்.

போன ஆவணி மாசம் லோயர் போன் எடுத்துச் சொன்னார், விடுகினம் அம்மா எண்டு. என்னெண்டு விடுகினம் எண்டு கேட்டன். அவருக்கு எதிரா ஒண்டும் இல்லையாம், அதாலை விடுகினமாம். ஒண்டும் இல்லை எண்டதைக் கண்டுபிடிக்க அவங்களுக்கு இவ்வளவு காலம். நான் இந்தக் கேற்றடியில தான் நிண்டனான். ஒரு உடுப்புப் பையோட வெளியில வந்தார். வந்தவர் றோட்டைக் கடக்கப் பயந்துகொண்டு நிக்கிறார் பிள்ளை. நான் கையைப் பிடிச்சுக் கடத்தினன். பஸ்சில யன்னல் பக்கம் விட்டன். வழி முழுக்க அவள் எப்பிடி இருக்கிறா மாமி எண்டு கேட்டுக்கொண்டு வந்தவர். அப்பிடியே இருக்கிறாள் தம்பி எண்டு நானும் சொல்லிக்கொண்டு வந்தன். வாயில வாறது அதுதானே.

அண்டைக்கு முகம் பாக்கலாம் எண்டு நானே சொல்லிப்போட்டன். இனி என்ன, ஆள் வந்திட்டுது. வீட்டில படலையடியில ஆராத்தி எடுக்க ஆயத்தம். அபிநயாவும் பக்கத்து வீட்டுப் பெட்டையும் தட்டத்தோட முன்னுக்கு நிக்கினம். அபிநயா சின்னம்மாவை உரிச்சு வைச்ச மாதிரி, அந்த நெத்தி, அந்தக் கண், எல்லாம். அண்டைக்குச் சின்னம்மா அவரைப் பாக்க வர எண்டு உடுத்த அந்தச் சீலையைத் தான் உடுத்திருந்தவள், சுகந்தினி தான் ஆசையாக் குடுத்தவள். சுகந்தினி பின்னுக்கு, வாசல்படியில நிக்கிறாள்.

அவர் படலையைத் தாண்டி வந்தார். அபிநயாவைப் பாத்தார். அப்பிடியே நிண்டிட்டார். கண்ணால தண்ணி ஓடுது. அபிநயாவைப் பாத்துச் சொல்லுறார், மாமி சொன்னது சரி, நீர் மாறவே இல்லை எண்டு.

அந்தக் குமரின்ரை தட்டம் சரிஞ்சு கற்பூரம் விழப் பாத்தது. சுகந்தினி தான் படியால இறங்கி வந்து தட்டத்தை வாங்கினாள். அது அக்காவின்ரை மகள், நான் தான் சுகந்தினி எண்டாள். மெதுவாத் தான் சொன்னவள். அவர் அவளைப் பாத்தார். அவளும் அவரைப் பாத்தாள். அவள் மூண்டு தரம் சுத்தி, பொட்டு வைச்சு, உள்ளுக்கு வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போனாள். குசினிக்குள்ளை வந்துதான் நிலத்தில இருந்தாள். அழேல்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு நோகாது.

பாத்தியே பிள்ளை அவங்கள் செய்த வேலையை. அடைச்சு வைச்சதோட போகேல்லை, என்ரை பிள்ளையின்ரை முகத்தையே அழிச்சுப்போட்டாங்கள். மத்தியானம் நான் இதையும் மைக்கில சொல்லுவன். ஆரை விட்டாலும் அவங்களை நான் விட மாட்டன்.

பிறகு நான் நாள் பாக்க ஓடினன். தாலி சாமியறைக்குள்ளை அந்தக் காலம் தொடக்கம் இருக்கு, குங்குமம் பிடிச்சுப்போய். தை மாசம் நல்ல முகூர்த்தம் எண்டார் ஐயர். வந்து சொன்னால், இவள் இப்ப வேண்டாம் எண்டுறாள். அவரைப் பிடிக்கேல்லையோ எண்டு கேட்டன். அப்பிடி இல்லையாம். முதல்ல நான் அவரைப் பாக்கவேணும் அம்மா எண்டாள். இதென்ன கதை? அதுதான் ஆள் வந்து கண் முன்னாலை இருக்குதே.

இப்ப அதுதான் நடக்குது. பின்னேரத்தில அவர் வருவார். மாமன் வீட்டிலை தான் இருக்கிறார். விறாந்தையில ஒரு கதிரையில அவர், எதிர்க் கதிரையில இவள். கதையும் பெரிசா இல்லை. அவர் இவளைப் பாத்துக்கொண்டிருப்பார். இவள் அவரைப் பாத்துக்கொண்டிருப்பாள். பல்லில்லாத வாயால அவர் எப்பவாவது சிரிப்பார், இவளும் சிரிப்பாள். றோட்டால போற சனம் பாத்துக்கொண்டு போகுது. தாலி கட்டாமல் இப்பிடி இருக்கிறது எங்கடை ஊரில வழக்கமில்லை. எனக்கு ஒரு பக்கம் வெக்கம், ஒரு பக்கம் அவையளைப் பாக்க நெஞ்சு பிளக்குது. இன்னும் எவ்வளவு காலத்துக்கு இப்பிடி, ஒரு நாளைச் சொல்லு பிள்ளை எண்டு கேட்டன். தெரியாது அம்மா எண்டாள். ஒரு முடிவு சொல்லாமல் பெத்த தாயை இப்பிடி வைச்சிருக்கலாமோ, நீயே சொல்லு.

பொறு, கூப்பிடுறாங்கள். உன்ரை நம்பர் இல்லை. அடுத்தது தான் உன்ரை. முகத்தைத் துடை.

அந்த மாமியாரின்ரை கதைக்கு வாறன். என்ன மனுசி அது? பெத்த பிள்ளை உள்ளுக்கை கிடக்குது, கட்டின பெண்சாதி போய்ப் பாக்கக் கூடாதாமோ? கண்டறியாத சாத்திரம். வயித்துப்பிள்ளைக்காரி போனால் என்ன நடக்கும்? வானம் இடிஞ்சு விழுமோ? இப்பிடிச் சொல்லுற சனத்தை நான் நல்லாப் பேசிப்போடுவன். நீ ஒருத்தரின்ரை சொல்லையும் கேளாதை. அவங்கள் எப்ப விடுவாங்கள் எண்டு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் வா. போய் முகத்தை வடிவாப் பார். மெலிஞ்சிருந்தாலும் பார், பல்லுப் போயிருந்தாலும் பார். வயித்தைக் காட்டு, மறைக்காதை. உன்ரை முகத்தையும் நல்லாக் காட்டு. கம்பிக்குக் கிட்டப் போய் நில்லு.

அந்தா, உன்ரை நம்பர். எழும்பு. பையை இஞ்சை வைச்சிட்டுப் போ, நான் பாத்துக்கொள்ளுறன். சாப்பாட்டை மட்டும் கொண்டு போ.

என்ன, இன்னும் எழும்பேல்லையோ? கையைத் தா. பயமெண்டால் நீ இதிலை இரு, நானே உள்ளுக்குப் போய் அவரைப் பாத்து, நீ நல்லா இருக்கிறாய் எண்டு சொல்லி...

இல்லை. வேண்டாம்.

நீ போ பிள்ளை. அவர் என்ரை மூஞ்சியைப் பாக்கவோ காத்துக்கொண்டிருக்கிறார்? நீயே போ.